கடற்பாலத்தில் ஏறும் முள், நெடுஞ்சாலையில் இறங்குவது ஏன்?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னுடைய ஜப்பானியக் காருக்கு ஒன்பது வயதாகிறது. மாதம் ஒருமுறையாவது குடும்பத்துடன் மலாக்காவுக்குச் சென்று வருவோம். சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் வரிசையில் ஊர்ந்து செல்லும்போது வெப்பநிலை காட்டும் முள் நடுவிலிருந்து மேலே ஏறிவிடுகிறது. ஜொகூர் பாருவைத் தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் முள் தானாகவே இறங்கிவிடுகிறது. ஒரு பட்டறையில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், பயன் இல்லை. இப்போது ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அடுத்த ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழ் (காரை வைத்திருப்பதற்கான அனுமதி) முடிகிற காருக்கு இவ்வளவு செலவு தேவையா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: கீழே சொல்லும் சோதனைகள் முடியும்வரை ரேடியேட்டரை மாற்றச் சம்மதிக்க வேண்டாம். எங்கே சூடேறுகிறது, எங்கே தணிகிறது என்பதைத் தாங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பழுதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிட்டது.

கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து சூட்டைக் கொண்டுபோய்விடும். நின்று ஊரும்போது அந்தக் காற்று கிடையாது. ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் மின்விசிறிதான் காற்றை இழுத்தாக வேண்டும். ஆகவே வரிசையில் மட்டும் சூடேறும் காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்விசிறியை. ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருந்தாலோ, தண்ணீர் பம்ப் தேய்ந்திருந்தாலோ, தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தாலோ, எஞ்சின் அதிகமாக உழைக்கும் நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் முள் ஏறியிருக்கும். தங்கள் காரில் நடப்பது நேர்மாறானது. தெர்மோஸ்டாட்டை மாற்றியவர், ‘எப்போது சூடேறுகிறது?’ என்ற ஒரே கேள்வியைத் தங்களிடம் கேட்டிருந்தால் அந்தச் செலவைத் தவிர்த்திருக்கலாம் என்பதே என் வருத்தம்.

இன்னொரு தடயத்தையும் தாங்களே பார்க்கலாம். வரிசையில் நிற்கும்போது ஏர்கானின் குளிர் குறைந்து, கார் நகர்ந்ததும் மீண்டும் நன்றாகக் குளிர்கிறதா? ஏர்கானின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் இரண்டுக்கும் காற்றை இழுப்பது பெரும்பாலும் அதே விசிறிதான். இரண்டு குறைகளும் ஒன்றாகத் தோன்றினால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

அடுத்ததாக, வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே எஞ்சினை இயக்கி, ஏர்கானையும் போட்டு, முன்மூடியைத் திறந்து, கையும் துணியும் அருகில் போகாதபடி தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏர்கான் இயங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் விசிறி குறைந்த வேகத்திலாவது சுழலும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), வயர் இணைப்பு, விசிறியின் மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ரிலே மலிவான பொருள். அதைப் பார்க்காமலே மோட்டாரை மாற்றுவதும் நடக்கிறது. விசிறி சுழன்றும் சூடேறினால், வேகம் போதுமா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த மோட்டார் சுழலும், ஆனால் காற்றை இழுக்காது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் ஒன்பது ஆண்டுத் தூசியும் இலைத்துகளும் படிந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். அதை உள்ளிருந்து வெளியே மென்மையாகத் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும்.

முள்ளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இன்றைய கார்கள் பலவற்றில் கூலண்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) வெப்பம் பல டிகிரி கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே முள் நடுவை விட்டு நகர்வது ஆரம்ப அறிகுறி அன்று. சூடு ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றைச் செருகினால் உண்மையான எண் தெரியும். விசிறியைச் சரிசெய்யும்வரை காரைக் கடற்பாலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அதற்குள் எங்காவது முள் ஏறிவிட்டால் ஏர்கானை நிறுத்துங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வையுங்கள். புழுங்கினாலும் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அவ்வழியே வெளியேறும். முள் சிவப்பைத் தொட்டால் பாதுகாப்பாக ஒதுங்கி எஞ்சினை அணைத்துவிடுங்கள். எஞ்சினின் மேற்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்துவிட்டால், வாகன உரிமைச் சான்றிதழின் மிச்ச மாதங்களுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் எமாஸ் மீட்பு வாகனம் அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கிய கணமே உள்ளிருப்பது கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கையிலும் பாயும். அப்படி வெந்த கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ரிசர்வ் தொட்டியில் கூலண்ட் வாரந்தோறும் குறைகிறது. ஆனால் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றலாமா?
— புக்கிட் பாத்தோக் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. அந்தத் திரவம் கசியும் இடத்தை மட்டும் தேடிப் போவதில்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கக்கூடும். சூடான பாகத்தின்மேல் கசிந்தால் கூலண்ட் தரையை எட்டுமுன்பே ஆவியாகி, வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு படிவத்தை விட்டுச் செல்லும். குழாய் முனைகளிலும் தண்ணீர் பம்பின் அடியிலும் அதைத் தேடச் சொல்லுங்கள். பிறகு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தம்வரை காற்றை ஏற்றிப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். அழுத்தம் இறங்கியும் வெளியே கசிவு தென்படாவிட்டால் சிலிண்டர் ஹெட்டின் அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்திருந்தால், சோதனைக் குழலிலுள்ள நீலத் திரவம் மஞ்சளாக மாறிக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் மூடியின் அடியில் சிறிது பால்நிறப் படிவம் தெரிந்த உடனே பயந்துவிட வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் கார்களில் ஈரப்பதத்தாலும் அது படியும்.

கேள்வி: சிங்கப்பூரில் உறைபனி இல்லையே, குழாய்த் தண்ணீரே போதாதா?
— ஈசூன் வாசகர்

பதில்: போதாது. உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலை மட்டுமே. உள்ளிருக்கும் அலுமினியம் அரிக்காமல் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் மற்ற வேலைகள். இங்கே நமக்கு வேண்டியவை அவைதாம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பச்சை நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கின்றன. காரின் கையேட்டில் சொல்லியுள்ள வகையையே வாங்கி, கலக்க வேண்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரைக் கலக்குங்கள். வழியில் வேறு வழியில்லாமல் எஞ்சின் ஆறிய பின் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால், ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டுப் புதிய கூலண்ட் நிரப்புங்கள்.