மை பேனா கேள்வி பதில்: நிப்பு, மை, தாள்

கேள்வி (கல்லூரி மாணவி): பால்பாயிண்ட்டை விட்டு மை பேனாவுக்கு மாறலாம்னு இருக்கேன் சார். தினமும் ஏழெட்டுப் பக்கம் நோட்ஸ் எடுக்கணும். முதல் பேனா எது வாங்கலாம், எந்த நிப்பு?

பதில்: நிப்பில் எஃப் (ஃபைன், மெல்லியது) என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பைலட், பிளாட்டினம், செய்லர் போன்ற ஜப்பான் பேனாக்களின் எஃப், லாமி, பெலிக்கான் போன்ற ஜெர்மன் பேனாக்களின் இ.எஃப். (எக்ஸ்ட்ரா ஃபைன், இன்னும் மெல்லியது) அளவுக்கு மெல்லிசாகவே எழுதும். தமிழில் சுழிகள் அதிகம். பொடி எழுத்துக்காரர் தடித்த நிப்பில் எழுதினால் ‘ண’வின் சுழிகள் மையில் அடைந்து ‘ன’வா ‘ண’வா என்று திருத்துபவர் திணற வேண்டும். ஆகவே ஜப்பான் எஃப், அல்லது ஜெர்மன் இ.எஃப்.

முதல் பேனாவுக்கு பிளாட்டினம் பிரெப்பி 03 (அதன் எஃப் அளவு) போதும். அதன் மூடிக்குள் நிப்பை இறுக்கி மூடும் உள்மூடி இருப்பதால் வாரக்கணக்கில் கிடந்தாலும் காயாது. உலோக உடல் வேண்டுமானால் பைலட் மெட்ரோபாலிட்டன் எஃப். இதில் ஒரு கணக்கு: பைலட் கார்ட்ரிட்ஜில் (மை நிரப்பியே வரும் குப்பி) சுமார் 0.9 மி.லி. மை பிடிக்கும், பாட்டில் மையை உறிஞ்சி நிரப்பும் கான்-40 கன்வெர்ட்டரில் 0.4 தான். தீர்ந்த கார்ட்ரிட்ஜைக் கழுவி, ஊசி முனை மழுங்கிய சிரிஞ்சால் பாட்டில் மையை நிரப்பிக்கொள்ளுங்கள். வாய் தளரும் வரை பலமுறை ஓடும்.

கேள்வி: நோட்டில் எழுதினால் மை பின்பக்கம் ஊறுது. பேனா மோசமா, மை மோசமா?

பதில்: பெரும்பாலும் தாள்தான். மை உறிஞ்சாமல் இருக்கத் தாளுக்குப் பசை போட்டிருப்பார்கள். மலிவு நோட்டில் அது குறைவு. கிராம் எடையை (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை) வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. 80 கிராம் ஜெராக்ஸ் தாள் ஊறுவதும், 70 கிராம் நல்ல நோட்டு தாங்குவதும் உண்டு. கடையில் நோட்டு வாங்கும்போது கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு, உங்கள் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

நோட்டை மாற்ற முடியாது என்றால் மையை மாற்றுங்கள். பெலிக்கான் 4001 வரிசை மைகள் சற்று ‘வறண்டவை’, அதாவது நிப்பிலிருந்து குறைவாக இறங்குபவை. ஊறும் தாளுக்கு அவைதான் பொருத்தம். அதுவும் போதாவிட்டால்தான் மெல்லிய நிப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. மையில் தண்ணீர் கலக்கும் யோசனை வேண்டாம். நிறம் வெளிறுவதோடு, பூஞ்சைத் தடுப்பு மருந்தும் நீர்த்து, பாட்டிலில் பாசி மாதிரி மிதக்க ஆரம்பிக்கும்.

கேள்வி: இரண்டு மையைக் கலந்து புது நிறம் செய்யலாமா?

பதில்: பேனாவுக்குள் கூடவே கூடாது. சில கலவை திரிந்து, நிப்புக்கு அடியில் மை இறங்கும் கட்டையை அடைத்துவிடும்.

கேள்வி (அலுவலக ஊழியர்): ஐயா, எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) பேனா ஒன்று வாங்கினேன், பில்லரால் மை ஊற்றும் வகை. முக்கால்வாசி தீர்ந்ததும் நிப்பிலிருந்து சொட்டு விழுகிறது. சட்டைப் பை பாழ்.

பதில்: இந்த வகையின் பிறவிக் குணம் அது. உடலில் மை குறையக் குறைய காற்று கூடும். கைச்சூட்டில் காற்று விரிந்து மையைத் தள்ளும். நிப்புக்கு அடியிலுள்ள கட்டை, அதாவது நாக்கு, ஓரளவுக்குத்தான் தாங்கும், மீதி சொட்டும். எனவே பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிடுங்கள். பையில் எப்போதும் நிப்பு மேல்நோக்கி இருக்கட்டும். மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

சொட்டு நிப்பில் வருகிறதா, கழுத்து (விரலால் பிடிக்கும் பகுதி) மரையில் கசிகிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். மரையில் டிஷ்யூ சுற்றி ஒரு மணி நேரம் படுக்க வைத்தால் கறை காட்டிக்கொடுக்கும். மரைக் கசிவுக்கு சிலிக்கோன் கிரீஸை மெல்லிசாகத் தடவி இறுக்குங்கள். வாசலின் வேண்டாம், ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கெடுக்கும்.

நிரப்பியிருக்கும்போதே சொட்டினால், நிப்பும் கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி உட்காரவில்லை. எபோனைட் கட்டை சூட்டில் இளகும். கொதித்து இறக்கிய தண்ணீரில் நிப்புப் பகுதியை மட்டும் அரை நிமிடம் முக்கி, துணியால் பிடித்து நிப்பையும் கட்டையையும் ஒருசேர அழுத்தி, ஆறும் வரை விடாதீர்கள். கழுத்து தண்ணீரில் படக் கூடாது. எபோனைட் வெந்நீரில் பளபளப்பு போய்ப் பழுப்பேறும். தயக்கமாக இருந்தால் செய்தவரிடமே கொடுங்கள். திருவள்ளூர் ரங்கா போன்ற கைவினைப் பட்டறைகளுக்கு இது அன்றாட வேலை.

கேள்வி: புதுப் பேனா, முதல் எழுத்து விழவே மாட்டேங்குது. இழுத்தப்புறம்தான் மை வருது.

பதில்: வாங்கியதும் கழுவினீர்களா? தயாரிப்பின்போது படிந்த எண்ணெய் உள்ளே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கன்வெர்ட்டரால் பத்துத் தடவை இழுத்துத் தள்ளுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நுரை போகும் வரை. இதிலேயே பாதிப் பேனாக்கள் சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் பூதக்கண்ணாடியில் நிப்பின் இரண்டு பல்லும் (நடுப் பிளவின் இருபுறப் பாதிகள்) ஒரே மட்டத்தில் இருக்கிறதா பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் அதை நகத்தால் மெதுவாக மேலே தள்ளிச் சமப்படுத்தலாம். பற்கள் சமமாக இருந்தும் தொடங்கவில்லை என்றால், முனையின் உள்ளோரம் அளவுக்கு மீறி உருண்டு, பிளவு தாளைத் தொடாமல் நிற்கிறது. அதைத் தேய்க்க 12,000 எண் நுண்தாள் (மிக நுண்ணிய உப்புத்தாள்) வேண்டும். அதன்மேல் 8 வடிவில் நாலைந்து முறை தேய்த்ததும் நிறுத்தி, எழுதிப் பார்க்க வேண்டும். தேய்ந்த உலோகம் திரும்பி வராது.

பக்கத்தின் மேல்பாதியில் நன்றாக ஓடி, கீழ்ப்பாதியில் மட்டும் விட்டு விட்டு எழுதினால் பேனா மேல் பழி போடாதீர்கள். கையின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தாளில் படிந்திருக்கும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள்.

கேள்வி: செக், பத்திரம் எல்லாம் மை பேனாவில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம், பள்ளிப் பிள்ளைகளின் ராயல் புளூவில் மட்டும் வேண்டாம். அது கழுவினால் போகவே செய்த மை. பிளாட்டினம் கார்பன் பிளாக் போன்ற கரித்துகள் மை தண்ணீருக்கு அசையாது. இரும்பும் காலிக் அமிலமும் சேர்ந்த மை இன்னொரு வழி. நம்மூரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மைக்கும் இதே ரசாயனம்தான்: காற்றுப் பட்டுக் கறுத்து இழையைப் பிடித்துக்கொள்ளும். பெலிக்கான் 4001 புளூ பிளாக், டயமைன் ரெஜிஸ்ட்ரார்ஸ் இரண்டும் இந்த வகை. அமிலம் உண்டு என்பதால் மாதம் ஒருமுறை பேனாவைக் கழுவுங்கள். கரித்துகள் மையை உள்ளே காயவிட்டால் எடுப்பது பெரும்பாடு; தினமும் எழுதும் பேனாவில் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: டிராயிங் இங்க் பாட்டில் வீட்டில் இருக்கு. அது?

பதில்: வேண்டாம். அதில் அரக்கு இருக்கும். பேனா போச்சு.

கேள்வி: அப்பாவோட ஹீரோ 616, வருஷக்கணக்கா காஞ்சு கிடக்கு. உயிர் வருமா?

பதில்: வரும். கழுத்தைக் குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் பின்னால் உள்ள பட்டையை அழுத்தி அழுத்தி விடுங்கள். தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஸ்பிரிட், தின்னர் எதுவும் தொடாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும். உள்ளே மை பிடிக்கும் பை உடைந்திருந்தால் மட்டும் மாற்றுப் பை தேட வேண்டும். நிப்பை மூடிய கூட்டை நீங்களே கழற்ற முயல வேண்டாம், திருப்பும்போது நிப்பு கோணிக்கொள்ளும்.

கேள்வி: விமானத்தில் எடுத்துப் போகலாமா?

பதில்: முழுக்க நிரப்பி, அல்லது முழுக்கக் காலி செய்து. ஏறும்போதும் இறங்கும்போதும் நிப்பு மேல்நோக்கி இருக்கட்டும். பாதி நிரம்பிய பேனாதான் ஆபத்து, பில்லரால் ஊற்றும் வகை என்றால் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.