பெயர் போடாத படிவம்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் செமஸ்டர் முடிவில் மாணவர்கள் பெயர் போடாமல் படிவம் நிரப்பி விரிவுரையாளருக்குப் புள்ளி போடுகிறார்கள். இது பெட்டிசம் எழுதுவது போலத்தானே?
– வாசகர், கோண்டாவில்

பதில்: பெட்டிசமா? யாழ்ப்பாணத்தில் அதற்கு ஆள் பஞ்சம் வந்ததே இல்லை. அதிபர் நியமனம், கோயில் நிர்வாகம், சங்கத் தெரிவு, எதுவென்றாலும் அடுத்த கிழமையே மேலிடத்துக்கு ஒரு மொட்டைக்கடிதம் போய்விடும். இந்தப் பக்கத்துக்கும் வருகிறது. பெயரில்லாததைப் பிரசுரிக்க மாட்டேன் என்று பல தடவை எழுதியாயிற்று, இனியும் மாட்டேன். பெட்டிசக்காரருக்கு ஆளை விழுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் திருந்த வேண்டும் என்ற எண்ணமே அதில் கிடையாது.

மாணவரின் நிலை வேறு. வினாத்தாள் செய்பவரும் விடைத்தாள் திருத்துபவரும் நாளைக்கு வேலைக்கு நற்சான்று தருபவரும் ஒரே ஆள். அவரிடம் ஒரு பிள்ளை ‘சேர், உங்கள் பாடம் விளங்கவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லுமா? பெயர் மறைந்தே இருக்கட்டும்.

எனக்குக் கோபம் வருவது, அந்தப் படிவத்தின் சராசரியை எடுத்து, இவர் 4.2, அவர் 3.6 என்று வரிசைப்படுத்தி, பதவி உயர்வுக் கோப்பில் வைக்கும்போதுதான். அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டொக்டர் பொக்ஸ்’ என்ற பெயரில் உளமருத்துவர்கள், கல்வியாளர்கள் முன் பேசவிட்டார்கள். பேச்சில் சரக்கே இல்லை, முரண்பாடுகள்தான். கேட்டவர்கள் தாராளமாகப் பாராட்டினார்கள். 1973இல் வெளிவந்த ஆய்வு இது. அந்நாட்டு விமானப்படைக் கல்லூரியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2010இல் வந்தது: மாணவர்கள் அதிக புள்ளி கொடுத்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்தார்கள், அதன் தொடர்ச்சியான அடுத்த பாடத்தில் பின்தங்கினார்கள்.

ரியூசன் கொட்டில்களில் இதை எத்தனை காலமாகப் பார்க்கிறோம்! சோதனைக்கு வரும் கேள்வியைச் சொல்லித் தருபவரிடம் வாங்கு நிரம்பி வழியும். ஏன், எப்படி என்று விளக்குபவரிடம் ஐந்து பேர் இருப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு கம்பஸுக்குப் போகும் பிள்ளை, நோட்ஸ் சொல்லி எழுதவைப்பவரையே நல்ல விரிவுரையாளர் என்று நினைக்கிறது. இந்த நோட்ஸ் வியாதியைப் பற்றி இங்கே எழுதியபோது கோபித்தவர்கள் இன்னும் கோபமாகவே இருக்கிறார்கள். இருக்கட்டும்.

பிள்ளைகளுக்குத் தெரிந்ததை மட்டும் கேளுங்கள். விரிவுரை ஒழுங்காக நடந்ததா? பின்வாங்குக்குக் குரல் கேட்டதா? ஒப்படை திருத்திக் குறிப்போடு திரும்பி வந்ததா? பாடத்தில் ஆழம் இருக்கிறதா என்பதைச் சக விரிவுரையாளர் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும். அப்புறம், படிவத்தை செமஸ்டர் நடுவிலேயே கொடுங்கள். கடைசியில் கொடுத்தால், நிரப்பும் பிள்ளைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. வந்ததை வாசித்து, எதை மாற்றினீர்கள் என்று அடுத்த கிழமை வகுப்பிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால், அடுத்த முறை எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிட்டுப் போவார்கள்.