ஆறு கிட்டார் பெடல்களை போர்டில் எந்த வரிசையில் வைப்பது, கரண்ட் எப்படிக் கொடுப்பது?

ஃபஸ் (முரட்டுக் கரகரப்பு), டியூனர் (சுருதி பார்க்க), ஓவர்டிரைவ் (மிதமான கரகரப்பு), கோரஸ் (பல கிட்டார் சேர்ந்தாற்போன்ற ஒலி), டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்). கிட்டாரிலிருந்து ஆம்ப் வரை உங்கள் ஆறு பெடலையும் இந்த வரிசையில் வைத்துத் தொடங்குங்கள். டியூனர்தானே முதலில் வரும் என்று நினைப்பீர்கள், ஆனால் ஃபஸ் ஃபேஸ் மாதிரி பழைய பாணி ஃபஸ், கிட்டார் பிக்கப்போடு (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) நேரடியாக இணைந்திருந்தால்தான் வால்யூம் குமிழைக் குறைக்கும்போது கரகரப்பு அழகாகத் தெளியும். பாஸ் நிறுவனத்தின் டியூ-3 டியூனர் போல பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சுற்று) உள்ள பெடல் இடையில் வந்தால் அந்தக் குணம் போய்விடும். டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து கரகரத்துக் குழம்பும். சிலருக்கு அதுவே பிடிக்கும், தப்பில்லை. டிஸ்டார்ஷனை, அதாவது கரகரப்பை, ஆம்பிலேயே எடுப்பவர் என்றால் டிலேயும் ரிவெர்ப்பும் அதன் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் கரகரப்புக்குப் பிறகு பெடல்களை இணைக்கும் பின்பக்க ஜாக்குகள்) போகட்டும்.

அப்புறம் கரண்ட். இன்னொரு பெடல் வாங்குவதற்கு முன் பணத்தை இங்கே போடுங்கள் என்பேன். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ். ஓவர்டிரைவுக்கு சில மில்லியாம்பியர் போதும், டிஜிட்டல் ரிவெர்ப் 100-ஐத் தாண்டிக் கேட்கலாம், அதனால் பெடலின் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிடுங்கள். ஒரே அடாப்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் சங்கிலியாக ஒயர் இழுத்தால் டிஜிட்டல் பெடலின் கீச்சொலி ஓவர்டிரைவுக்குள் புகுந்து பெருகி வரும். ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் ஐசொலேட்டட் பவர் சப்ளைதான் இதற்கு மருந்து. உங்கள் ஃபஸ் பாசிட்டிவ் கிரவுண்ட் ஜெர்மேனியம் வகையா (ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ளது, மற்றவற்றுக்கு மாறாக பாசிட்டிவ் முனை கிரவுண்டோடு சேர்ந்தது)? அப்படியானால் மற்றவற்றோடு ஒரே சங்கிலியில் கோக்கவே கூடாது, ஷார்ட் ஆகிவிடும்.

வெல்க்ரோ ஒட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், தரையிலேயே பரப்பி வாசித்து, கால் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு.