கிருமிக்குத் தெரியாத எல்லைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அபார்ட்மென்ட்டில் 2020-ல், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று ஒரு விதி போட்டார்கள். கொரோனா போய்விட்டது, விதி போகவில்லை. இதைப் பற்றி ஒரு நண்பரிடம் புலம்பினேன். நோய்க்குப் பயந்து அந்நியரை விலக்குவது பரிணாமம் நமக்குள் வைத்த தற்காப்பு, விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள், தீண்டாமைகூட அந்தக் காலத்துச் சுகாதார ஏற்பாடாகத்தான் தொடங்கியிருக்கும் என்கிறார். எனக்கு ஒப்பவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் பாதி சரியாகத்தான் சொல்கிறார், அதனால்தான் பதில் சொல்லச் சிரமமாக இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் மார்க் ஷாலர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். கிருமி உடம்புக்குள் வந்தபிறகு அதோடு போராடுவதைவிட வருவதற்கு முன்பே விலகிக்கொள்வது லாபம், அதற்கென்று மனதில் ஒரு ஏற்பாடு இருக்கிறது என்பது அவர் தரப்பு. அந்த ஏற்பாடு தேவைக்கு மேல் சந்தேகப்படும். முகத்தில் ஒரு மச்சம் இருந்தாலே நோயாளி என்று ஒதுங்கும். அவரும் சகாக்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குக் கிருமிகளைப் பற்றிய படங்களையும் வேறு சிலருக்கு விபத்துகளைப் பற்றிய படங்களையும் காட்டிவிட்டு, எந்த நாட்டு ஆட்களைக் குடியேற அழைக்கலாம் என்று பார்த்தார்கள். கிருமிப் படம் பார்த்தவர்கள் தங்களுக்குப் பரிச்சயமான நாட்டுக்காரர்கள் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள்.

சரி, ஆனால் யார் பரிச்சயம், யார் அந்நியர் என்று கிருமியா சொன்னது? அதை ஊர் முன்பே முடிவு செய்து வைத்திருக்கும். உங்கள் நண்பர் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான்.

1900 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் ஒருவர் பிளேக்கில் இறந்தார். உடனே அந்தப் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டி, போலீஸை நிறுத்தி, சீனர்கள் யாரும் வெளியே போகக்கூடாது என்றார்கள், வெள்ளைக்காரர்களை மட்டும் போகவிட்டார்கள். சில நாளில் கயிற்றை அவிழ்த்துவிட்டு மே கடைசியில் மறுபடியும் கட்டினார்கள். அப்போது கயிறு வெள்ளையர்களின் வீடுகளையும் கடைகளையும் ஒதுக்கிவிட்டு வளைந்து வளைந்து போனது, அதே தெருவில், பக்கத்துக் கதவாக இருந்தாலும். இத்தனைக்கும் சீனர்கள் அந்த ஊருக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. வெள்ளையர் வீடுகளில் சமைத்தவர்களிலும் துணி வெளுத்தவர்களிலும் எத்தனையோ பேர் அவர்கள்தான். அந்தச் சோற்றில் யாருக்கும் கிருமி தெரியவில்லை. கடைசியில் ஒரு சீன மளிகைக்கடைக்காரர் வழக்குப் போட்டார். இது ஓர் இனத்தை மட்டும் குறிவைத்த ஏற்பாடு என்று நீதிபதி வில்லியம் மோரோ ஜூன் மாதம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். (கலிபோர்னியா கவர்னரோ பிளேக்கே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். வியாபாரம் கெட்டுவிடுமே!)

இந்தக் கெடுபிடிக்குப் பயந்து சீனர்கள் நோயாளிகளையும் பிணங்களையும் மறைக்கத் தொடங்கினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1898-ல், எலியிலிருந்து மனிதனுக்குப் பிளேக்கைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று கராச்சியில் போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டியிருந்தார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெள்ளுக்குக் கயிறு தெரியுமா என்ன! 1907-ல் அதே ஊரில் பிளேக் திரும்பவும் வந்தது. இந்த முறை நோயாளிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். எந்தத் தெருவுக்கும் கயிறு கட்டவில்லை. எலி பிடித்துக் கொடுத்தால் காசு கொடுத்தார்கள்.

இனி உங்கள் லிஃப்டுக்கு வருவோம். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி, 2020 ஜனவரி கடைசியில், வூஹானிலிருந்து கேரளத்துக்குத் திரும்பிய ஒரு மாணவி. நோய் இங்கே வந்தது விமானத்தில். அபார்ட்மென்ட்டில் யார் வீட்டுக்கு விமானத்தில் ஆள் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் லிஃப்டில் ஏறாதே என்று சொன்னது நடந்தோ பஸ்ஸிலோ வருகிறவரிடம். ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லெறிந்ததே, அங்கே பயம் உண்மையான பயம்தான், அதை நான் மறுக்கவில்லை, மருத்துவரைக்கூட விட்டுவைக்காத பயம். ஆனால் அந்த மாதிரிப் பயம் நோய் தணிந்ததும் தணிந்துவிடும். 2009-ல் பன்றிக்காய்ச்சல் வந்த சமயத்தை ஒட்டிச் செய்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடம் குடியேறிகள் மீதான கசப்பு குறைவாக இருந்தது, கை கழுவியதற்கேகூட இந்தப் பலன் தெரிந்தது என்றார்கள். உங்கள் அபார்ட்மென்ட்காரர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டிருப்பார்கள், விதி மட்டும் இன்னும் இருக்கிறது. அதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை, கொரோனா ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

தீண்டாமை சுகாதாரத்தில் தொடங்கியது என்பதை நான் பலர் வாயிலும் கேட்டிருக்கிறேன், படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். அவர்களிடம் மஹாத்தைப் பற்றிக் கேளுங்கள். மகாராஷ்டிரத்தில் உள்ள அந்த ஊரின் சவ்தார் குளத்தில் ஆடுமாடு தண்ணீர் குடிக்கலாம், தலித்துகள் குடிக்கக்கூடாது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் தலைமையில் அவர்கள் போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று மற்றவர்கள் அதைச் சுத்தம் செய்தார்கள். எதைக் கொண்டு? மாட்டுச் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, 108 குடங்கள். குடிக்கிற தண்ணீரில்.