பழைய நெகட்டிவ், ஸ்லைடுகளை வீட்டிலேயே ஸ்கேன் செய்ய எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

அப்பா காலத்து நெகட்டிவும் ஸ்லைடும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பெட்டியைக் கொட்டி ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். அதைச் செய்யாமல் மெஷினை வாங்கிவிட்டு முழித்தவன் நான்.

வாங்கியது பிளஸ்டெக் 8200i என்ற பிலிம் ஸ்கேனர். 35 எம்எம் பிலிமுக்கு அருமையான மெஷின், ஒவ்வொரு பிரேமாகக் கையால் தள்ள வேண்டும் என்பதைத் தவிர குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியின் அடியில், தாத்தா ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்த 120 பிலிம் நெகட்டிவ்கள் கிடந்தன, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 6 செ.மீ. சதுரம். அது பிளஸ்டெக்கின் வாய்க்குள் நுழையவே நுழையாது. அப்புறம் நண்பரிடம் எப்சன் வி600 இரவல் வாங்கித்தான் முடித்தேன். கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஸ்கேன் செய்யும் இந்த பிளாட்பெட் ஸ்கேனரின் மூடியிலேயே விளக்கு இருக்கிறது. பிலிமுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும், அதனால்தான் வீட்டில் இருக்கும் சாதாரண ஆல்-இன்-ஒன் பிரிண்டரில் இந்த வேலை நடக்காது.

டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். எப்சன் 6400 என்று போட்டிருக்கும், நிஜமாகக் கிடைப்பது 1500, 1600 அளவுதான். பிளஸ்டெக் 7200 என்கிறது, அதில் பாதி கிடைக்கும். 35 எம்எம் பிரேமே 24க்கு 36 மி.மீ. தானே, நிஜமான 2400 டிபிஐ இருந்தாலே சுமார் 8 மெகாபிக்சல் வந்துவிடும், ஆல்பத்துக்கு அது தாராளம். 120 பிலிம் பெரிசு என்பதால் எப்சனிலேயே நன்றாக வரும்.

ஆன்லைனில் மலிவாக விற்கும் குட்டி டப்பாக்கள் வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு சின்ன கேமரா, அவ்வளவுதான். ஒன்றை வாங்கிப் பார்த்தேன், கல்யாணப் படத்தில் அப்பாவின் பட்டு வேட்டியில் மடிப்பும் இல்லை, ஜரிகையும் இல்லை, வெள்ளைத் தாளைச் சுற்றிக்கொண்டு நிற்பதுபோல வந்தது.

தூசி, கீறலை அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் வசதி பிளஸ்டெக், எப்சன் இரண்டிலும் உண்டு, கலர் நெகட்டிவுக்கு அது வரம். கறுப்பு வெள்ளைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். அந்த பிலிமில் படமே வெள்ளித் துகள்தான், அது அகச்சிவப்பை மறைப்பதால் சாஃப்ட்வேர் படத்தையே தூசி என்று நினைத்துக்கொள்ளும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிமில் எடுத்த ஒரு படத்தில் அத்தையின் மூக்குத்தியையே துடைத்து எடுத்துவிட்டது! இதற்கு புளோயரால் ஊதிவிட்டு ஸ்கேன் செய்வதுதான் வழி. வேட்டி நுனியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள்.

மிக அருகில் வைத்துப் படமெடுக்க உதவும் நல்ல மேக்ரோ லென்ஸோடு கேமரா கையில் இருந்தால் ஸ்கேனரே வேண்டாம், பிலிமை லைட் பேட் என்ற ஒளிரும் பலகை மேல் வைத்துப் படம் எடுத்தால் இதைவிட வேகமாக முடியும்.

இன்னொன்று, பிலிமின் எந்தப் பக்கம் மேலே என்று பார்த்து வையுங்கள், மங்கலாக இருப்பது மருந்துப் பக்கம். நான் ஒரு சுருள் முழுக்க மாற்றி வைத்து ஸ்கேன் செய்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. பின்னால் இருந்த டீக்கடை போர்டை என் மகள் படிக்கப் பார்த்தபோதுதான் எழுத்தெல்லாம் இடவலமாகத் திரும்பியிருந்தது தெரிந்தது.