பழைய பெட்டியில் லேபிள் உரிகிறது, எந்தப் பசை வாங்கலாம்?

கேள்வி: தாத்தா பினாங்கிலிருந்து ‘ரஜூலா’ கப்பலில் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த தோல் பெட்டி எங்களிடம் இருக்கிறது. மூடியின் உள்பக்கத் துணியில் பெட்டி செய்த கடையின் காகித லேபிள், மூலைகள் தூக்கிக்கொண்டு எப்போது விழுமோ என்று நிற்கிறது. கடைக்காரர் ஃபெவிகால் போதும் என்கிறார். ஆன்லைனில் ‘ஆசிட் ஃப்ரீ’ என்று போட்டு ஏகப்பட்ட விலைக்கு ஒரு பசை வருகிறது. பின்னால் வேண்டுமென்றால் கழற்ற முடிய வேண்டும். எதை வாங்குவது? (காரைக்குடி வாசகர்)

பதில்: இரண்டுமே வேண்டாம். ஃபெவிகால் நல்ல சரக்குதான், ஆனால் மரத்துக்கு. காய்ந்துவிட்டால் தண்ணீருக்குக் கரைந்து வராது, லேபிளை எடுக்கப் பார்த்தால் காகிதம்தான் கிழியும். ‘ஆசிட் ஃப்ரீ’ என்றால் காகிதத்தை அமிலத்தால் கெடுக்காது என்று மட்டும்தான் அர்த்தம், திரும்பக் கழற்றலாம் என்று அதில் எந்த உறுதியும் இல்லை, விற்பவர்கள் இரண்டையும் ஒன்றுபோலக் காட்டித்தான் விலையை ஏற்றுகிறார்கள். ‘ரிமூவபிள்’ என்று வரும் ஸ்டிக் பசையும் அப்படித்தான், இன்றைக்கு உரியும், பல வருடம் கழித்து உரியுமா என்பது வேறு கதை.

நீங்கள் தேட வேண்டியது மெத்தில் செல்லுலோஸ். வெள்ளைப் பொடி, அருங்காட்சியகங்களில் காகிதம் பழுது பார்க்கிறவர்கள் பயன்படுத்துவது. பிடிப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் லேபிள் எந்தப் பாரத்தையும் தாங்கப் போவதில்லையே. எத்தனை வருடம் கழித்தும் ஈரம் காட்டினால் இளகிவிடும், மாவுப் பசை மாதிரி பூச்சியையும் கூப்பிடாது. 50 கிராம் வாங்கினாலே ஆயுசுக்கும் மிச்சம். வாங்கும்போது கலப்பில்லாத பொடிதானா என்று கேளுங்கள், ஏனென்றால் வால்பேப்பர் பசையாக வருவதில் பூஞ்சைக் கொல்லியும் சில சமயம் வேறு பசையும் சேர்ந்திருக்கும்.

கலக்குவதில் ஒரு வேடிக்கை உண்டு, இந்தப் பொடி சுடுதண்ணீரில் கரையாது. நேராகப் பச்சைத் தண்ணீரில் போட்டாலோ கட்டி கட்டியாகிவிடும். அதனால் 3 கிராம் பொடியை முதலில் 30 மி.லி. கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கிளறி நனைத்துவிட்டு, அப்புறம் 70 மி.லி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விட்டால் காலையில் ஜெல்லாக இருக்கும்.

வீட்டு மைதாப் பசை போதாதா என்று கேட்பீர்கள். கழற்றுவதற்குச் சுலபம்தான், ஆனால் நம்ம ஊர் ஈரத்தில் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். பைண்டிங்காரர்கள் அதற்காகத்தான் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள், அந்தச் செம்பு நாளடைவில் காகிதத்தையே அரிக்கும், எனவே அதை உங்கள் லேபிள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஒட்டுவதற்கு முன் மையைச் சோதிக்க வேண்டும், இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, எழுத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியில் வைத்து எடுங்கள். அச்சு மை பெரும்பாலும் அசையாது, ரப்பர் ஸ்டாம்ப் மையும் பேனா மையும் ஓடும். பஞ்சில் நிறம் ஏறினால் தண்ணீர்ப் பசை எதுவும் ஆகாது. அதற்கு ஹைட்ராக்ஸிபுரோபைல் செல்லுலோஸ் என்று, ஆல்கஹாலில் கரைக்கிற இன்னொரு பொடி இருக்கிறது, க்ளூசெல் ஜி என்ற பெயரில் வரும். அந்த மை ஆல்கஹாலில் ஓடுகிறதா என்று அதையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மை அசையவில்லை என்றால் மெல்லிய பிரஷால் லேபிளின் முதுகில் மட்டும் கொஞ்சமாகத் தடவி, மேலே கேக் சுடும்போது விரிக்கிற, பசை ஒட்டாத பேக்கிங் ஷீட், அதன்மேல் மை ஒற்றும் தாள், அதற்கு மேல் ஒரு புத்தகம் என்று வைத்து மறுநாள் வரை விடுங்கள். பக்கத்துத் தோலில் ஈரம் படக் கூடாது. சிவப்புத் தூளாக உதிர்கிற பழைய தோலில் தண்ணீர் பட்டால் கறுத்துப் போகும், அந்தக் கறை பிறகு போகவே போகாது.

கேள்வி: எங்கள் வால்வு ரேடியோ பெட்டியின் உள்ளே இருந்த லேபிளுக்கு யாரோ செல்லோடேப் போட்டிருக்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: பிளாஸ்டிக் பட்டையை எடுக்கலாம். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, பட்டையை மேலே தூக்காமல் தன்மேலேயே மடித்து மெதுவாக இழுங்கள். காகிதம் கூட வருவதுபோல் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் மெத்தென்ற அழிரப்பரால் உருட்டி எடுங்கள். பழுப்புக் கறை காகிதத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும், அதைக் கரைப்பானால் எடுக்கிற வேலை காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர்களுடையது, தின்னர் பாட்டிலோடு நீங்கள் இறங்க வேண்டாம். அப்புறம் திரும்ப ஒட்ட மேலே சொன்ன பொடியே போதும், வால்வுக்குப் பக்கத்தில் சூடு ஏறும் என்பதால் ஒட்டிய பிறகு பசை காயும்வரை ஓரிரு நாள் ரேடியோவைப் போடாமல் வையுங்கள்.