கார்னர்ல வண்டி வழுக்குதா? பிரேக் கிட் வாங்கறதுக்கு முன்னாடி இத படிங்க

கேள்வி: முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக் வச்சிருக்கேன், இப்பதான் டிராக் டேக்கு (சொந்த வண்டிய ரேஸ் டிராக்ல ஓட்டிப் பாக்கற நாள்) போக ஆரம்பிச்சிருக்கேன். சில கார்னர்ல ஸ்டியரிங்க திருப்பினாலும் வண்டி நேரா போகுது, சில கார்னர்ல பின்பக்கம் வீசுது. பெரிய பிரேக் கிட் போட்டு, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கறது) ஃப்யூஸ கழட்டிட்டா சரியாயிடும்னு கடைல சொல்றாங்க. செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஃப்யூஸ் மேல கைய வைக்கவே வைக்காதீங்க. நீங்க சொல்ற ரெண்டு தொல்லையும் ஒரே எடத்துலேர்ந்துதான் வருது, உங்க கால் பிரேக்க எப்ப மிதிக்குது, அத விட முக்கியமா எப்படி விடுது, அவ்ளோதான்.

1200 கிலோ வண்டின்னு வச்சுக்கோங்க. நிக்கும்போது முன் டயர்ங்க மேல 720, பின்னாடி 480. காஞ்ச தரைல நல்ல டயரோட முழு பிரேக் அடிச்சா சுமார் 240 கிலோ பாரம் பின்னாடிலேர்ந்து முன்னாடி போயிடும், பின் டயருக்கு பாதிதான் மிச்சம். இப்ப கார்னர் நடுவுல பயந்து போய் பிரேக்க அமுக்கறீங்க, வண்டிய பக்கவாட்டுல பிடிச்சு வச்சிருந்த பின் டயர்லேர்ந்து பாரத்த நீங்களே எடுத்துட்டீங்க, அது வீசாம என்ன பண்ணும்? ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து சடார்னு கால எடுத்தாலும் இதேதான், கொஞ்சம் கம்மியா.

நேரா போறதுக்கு காரணம் ரெண்டு இருக்கலாம். ஒண்ணு, லேட்டா பிரேக் பிடிச்சு, முழுசா அமுக்கிகிட்டே ஸ்டியரிங்க திருப்பறது. முன் டயர் இருக்கற பிடிப்ப எல்லாம் வண்டிய நிறுத்தறதுக்கே செலவு பண்ணிடுச்சு, திருப்பறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. இன்னொண்ணு, நேர்ல ஒழுங்கா பிரேக் பிடிச்சுட்டு திருப்பற அதே நொடில பெடல பட்டுனு விட்டுடறது. முன்பக்கம் எழும்பிடும், டயருக்கு பாரம் ரொம்ப தேவைப்படற நேரத்துல அது பறிபோயிடும். புதுசா வர்றவங்ககிட்ட நான் அதிகமா பாக்கறது இந்த ரெண்டாவதுதான்.

அதனால செய்ய வேண்டியது இது. வண்டி நேரா இருக்கும்போதே பெரும்பாலான வேகத்த கொறச்சுடுங்க, முதல்ல அழுத்தமா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா லேசா. ஸ்டியரிங் எவ்ளோ திரும்புதோ அவ்ளோ பெடல விட்டுகிட்டே வாங்க, அபெக்ஸ், அதாவது கார்னரோட உள்ஓரத்த வண்டி ஒட்டி போற எடம், கிட்ட வரும்போது காலுக்கு அடில ஒண்ணும் இருக்கக்கூடாது. இதுக்கு பேரு டிரெயில் பிரேக்கிங். பழகற வரைக்கும் பிரேக் பிடிக்கற எடத்த முன்னாடியே வச்சுக்கோங்க, ஏன்னா 100ல வர்றதுக்கு பதிலா 110ல வந்தா வண்டில இருக்கற ஆற்றல் 21 சதவீதம் கூடிடும், அத்தனையும் பிரேக்தான் விழுங்கணும். பின்னாடி வீச ஆரம்பிச்சுட்டா பிரேக்க தொடாதீங்க, போக வேண்டிய பக்கம் பாத்து ஸ்டியரிங்க அந்த பக்கம் குடுங்க, உங்க வண்டி முன்சக்கர டிரைவ்ங்கறதால லேசா ஆக்ஸிலரேட்டரும் குடுங்க.

இப்ப அந்த கடைக்காரர் விஷயம். பிரேக் பிடிக்கும்போது ஏபிஎஸ் வேலை செஞ்சு பெடல் காலுக்கு அடில துடிக்குதுல்ல? அப்படின்னா உங்க பிரேக் டயர் தாங்கறத விட ஏற்கனவே பலமா இருக்குன்னு அர்த்தம். முன்னாடி மட்டும் பெரிய கிட் போட்டா வண்டி சீக்கிரம் நிக்காது, முன்-பின் அளவுதான் கெட்டுப்போகும். ஓட்டை போட்ட டிஸ்க்கும் அப்படித்தான், பாக்க நல்லா இருக்கும், டிராக் சூட்டுல விரிசல் அந்த ஓட்டைலேர்ந்துதான் ஆரம்பிக்கும். ஃப்யூஸ் சமாச்சாரம் இத விட மோசம். இப்போ வர்ற நிறைய வண்டில பின் பிரேக்குக்கு எவ்ளோ அழுத்தம் போகணும்னு பாத்துக்கறதே அந்த ஏபிஎஸ் யூனிட்தான், கூடவே வண்டி வழுக்காம பிடிச்சு வைக்கற ஈஎஸ்பியும் அதுலதான் ஓடுது. கழட்டினா பின் டயர் முதல்ல லாக் ஆகலாம், அதாவது எந்த தொல்லைக்காக கடைக்கு போனீங்களோ அதையே காசு குடுத்து பெருசாக்கிட்டு வர்றீங்க. இத தெரிஞ்சே சொல்றாங்களா தெரியாம சொல்றாங்களான்னு யோசிக்கறப்ப எனக்கு கோவம்தான் வருது.

பார்ட்ஸுக்கு செலவு பண்றது நியாயம்னா ஒரே ஒரு சூழ்நிலைதான், அத விவரமா சொல்றேன். முதல் ரெண்டு லேப் நல்லா இருந்து, அப்புறம் பிரேக் மாறுதான்னு கவனிங்க. பெடல் பஞ்சு மாதிரி உள்ள இறங்குதுன்னா பிரேக் ஃப்ளூயிட் கொதிச்சுடுச்சு. பெடல் கெட்டியா இருக்கு, ஆனா எவ்ளோ அமுக்கினாலும் வண்டி நிக்கலன்னா டிஸ்க்க பிடிக்கற பிரேக் பேட் சூடு தாங்கல. ரெண்டும் வேற வேற, ரெண்டுக்கும் மருந்தும் வேற. ஃப்ளூயிட் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், டாட் 4ங்கற ஃப்ளூயிட் வகைக்கு புதுசுல கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும், ஈரம் ஏறினப்புறம் 155 இருந்தாலே போதும்னுதான் தர விதி சொல்லுது. டாட் 5.1ன்னா 260, 180. டாட் 5ன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிகான், பேரு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கேன்னு எடுத்து ஊத்திடாதீங்க, மத்ததோட கலக்கக்கூடாது. பேட் மாத்தினா டிராக்குக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற வகையா பாருங்க, முழு ரேஸ் பேட் சூடாகாம பிடிக்காது, வீட்டுக்கு ஓட்டிட்டு போறப்ப முதல் பிரேக்லயே ஆபத்து. புது பேட பெட்டிங் (கொஞ்சம் கொஞ்சமா சூடாக்கி டிஸ்க்கோட பழக்கறது) பண்ணாம டிராக்ல இறக்காதீங்க.

பல டிராக் டேல ஹெல்மெட்ட பாக்கறாங்க, இழுவை கொக்கி இருக்கான்னு பாக்கறாங்க, ஃப்ளூயிட் எப்ப மாத்தினதுன்னு கேக்கறதில்ல, பிரேக்க எப்படி விடணும்னு பக்கத்துல உக்காந்து யாரும் காட்டறதும் இல்ல. அந்த கிட்டுக்கு ஒதுக்கி வச்ச பணத்துல ஒரு பகுதிய எடுத்து, பக்கத்துல உக்காந்து சொல்லித்தர்ற ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டர ஒரு நாளைக்கு பிடிங்க, உங்க கால மட்டும் பாக்க சொல்லுங்க.